திரையில் தெரிந்த இருபத்து நான்கு படங்கள்

என் அக்கா சாகும்வரை ஒரு குற்றத்தைத் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அது என்னுடையது. அவளிடம் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது அவள் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன். சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். கம்ப்யூட்டர் வகுப்பும் என் பொறுப்பில் இருந்தது. அதைக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு எனக்கு அது தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்குமே தெரியாது என்பதால் நான்தான் நிபுணன். வாட்ச் ஓடாவிட்டாலும் என்னிடம் கொண்டுவருவார்கள்.

அக்கா டவுனில் இருந்தாள். அத்தான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் அவருக்கு மீசை வாத்தியார் என்று பெயர். காதுவரை போகும் நரைத்த மீசை. ஓய்வுபெற்ற நாலைந்து வருஷத்தில் அவருக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியது. கடைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று கடைக்காரரிடமே கேட்டார். அக்கா திருச்செந்தூருக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டாள். துபாயிலிருந்து மருமகன், அதாவது அவர்களுடைய ஒரே மகன், லீவில் வந்தபோது நானும் சேர்ந்து நாலு பேரும் போனோம்.

முடி எடுக்கிறவர் தலையை முடித்துவிட்டு, "மீசையும் எடுக்கணுமா அண்ணாச்சி?" என்று தயங்கினார்.

"எல்லாத்தையும் எடுத்திரும் வே," என்றார் அத்தான். "அவன் கேட்டா குடுக்க வேண்டியதுதானே. ஒளிச்சா வைக்க முடியும்?"

மருமகன் அந்தத் தடவைதான் ஃபிலிம் இல்லாத கேமராவைக் கொண்டுவந்திருந்தான். எடுத்த படம் அதன் முதுகில் உள்ள சின்னக் கண்ணாடியில் உடனே தெரியும். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, மழித்த மேலுதட்டோடு அத்தான் அக்காவின் பக்கத்தில் நின்றார். மருமகன் எடுத்துக் காட்டியதும் குனிந்து பார்த்தார். "இது யாருடே? எங்க சித்தப்பா மாதிரி இருக்கான்," என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மருமகன் ஊருக்குக் கிளம்பும்போது கேமராவை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனான். "மாமா, இருபத்து நாலு படம் இருக்கு. இனிமே எடுக்க இடம் கெடையாது. வயரும் சிடியும் உள்ளே வச்சிருக்கேன். உங்க காலேஜ் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அப்புறம் நீங்க வேற எடுத்துக்கலாம்," என்றான். அக்கா அதைத் துணியில் சுற்றி பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். நான் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அத்தான் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனார். தினமும் போகிற வழி. பத்து மணிவரை வரவில்லை. அக்கா போய்ப் பார்த்தபோது படித்துறையில் அவருடைய துண்டு மட்டும் இருந்தது. நல்லவேளையாக ஆற்றில் அன்று முழங்கால் தண்ணீர்தான். சாயந்தரத்துக்குள் ஜங்ஷன், பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் தேடிவிட்டோம். போலீஸ் நிலையத்தில் அக்கா மஞ்சள்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். ஓய்வுபெற்ற நாளில் மாலையோடு எடுத்தது.

"இந்த மீசை இப்ப இருக்காம்மா?" என்று கேட்டார் ஏட்டு.

"இல்ல. மொட்டை போட்டிருக்காவ."

"அப்ப இதைக் காட்டி யாரைத் தேட? இப்ப உள்ள மூஞ்சி வேணும்லா."

அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏலே, அந்தப் பெட்டிக்குள்ள இருக்காவலே! நீ எடுத்துக் குடுத்திரு. அது போதும்."

அது போதும் என்று எனக்கும் தோன்றியது. வீட்டில் இருந்த அத்தனை படங்களிலும் மீசையும் அடர்ந்த தலைமுடியும் உள்ள ஒரு மனிதர் இருந்தார். தெருவில் அலைந்துகொண்டிருந்த மனிதர் அந்தக் கேமராவுக்குள் மட்டும்தான் இருந்தார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்தேன். டவுனில் ஒரு அச்சகத்தில் பேசி வைத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்குள் படம் கொடுத்தால் மாலைக்குள் நோட்டீஸ் அடித்துத் தருவதாக அச்சகக்காரர் சொல்லியிருந்தார். அக்கா அங்கேயே போய்க் காத்திருந்தாள்.

சிடியைப் போட்டு அதிலிருந்த மென்பொருளை ஏற்றினேன். வயரின் ஒரு முனையைக் கேமராவிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரின் முதுகிலும் செருகினேன். கேமரா இணைக்கப்படவில்லை என்று வந்தது. கழற்றி மாட்டினேன். அதே செய்தி. ஒன்பதரை ஆயிற்று. கேமராவில் பேட்டரி அடையாளம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் நாலு பென்சில் பேட்டரி வாங்கி வந்து மாற்றினேன். திரும்பவும் அதே செய்தி. எந்தத் துளையில் செருகியிருக்கிறேன் என்பதை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லவில்லை என்பது பத்தரைக்குத்தான் புரிந்தது. மாற்றிச் சொன்னேன். கேமராவில் ஒரு பச்சை விளக்கு மினுங்கியது.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரத் தொடங்கின. தபால்தலை அளவு. ஒரு படம் வரப் பத்துப் பதினைந்து விநாடி. கடல் வந்தது. கோபுரம் வந்தது. அக்கா வந்தாள். பதினேழாவதாக அத்தான் வந்தார். மொட்டைத் தலை, சந்தனம், சிரிப்பு. எனக்குக் கண் கலங்கியது. இருபத்து நான்கும் வந்து முடிந்தபோது மணி பதினொன்று.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை எங்கள் கல்லூரியில் புதிய ஆய்வகத் திறப்பு விழா. ஃபிலிம் இல்லாத கேமராவில் படம் எடுத்து அன்றைக்கே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுகிறேன் என்று ஒரு வாரத்துக்கு முன்பே முதல்வரிடம் பெருமையடித்திருந்தேன். அத்தான் காணாமல் போன பிறகும் அந்த நினைப்பு எனக்குள் ஒரு மூலையில் இருந்தது. கேமராவில் இடம் இல்லை. படங்கள்தான் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டனவே, கண்ணால் பார்க்கிறேனே என்று நினைத்தேன். கேமராவில் உள்ள எல்லாவற்றையும் அழிக்க ஒரு பொத்தான் திரையில் இருந்தது. அழுத்தினேன். அழித்தால் திரும்பக் கிடைக்காது, சரியா என்று கேட்டது. சரி என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அழிந்த பிறகு சோதித்துப் பார்க்க ஆய்வகக் கதவை ஒரு படம் எடுத்தேன். நன்றாக வந்தது.

பிறகுதான் அத்தான் படத்தைப் பெரிதாக்க அதன் மேல் இரண்டு முறை தட்டினேன். பச்சை விளக்கு மினுங்கியது. கேமராவில் அப்படி ஒரு படம் இல்லை என்று செய்தி வந்தது.

திரையில் இருந்தவை படங்கள் அல்ல. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் வெறும் அட்டவணை. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ள வேண்டும். நான் பார்த்ததை வந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுகூட எல்லாம் போய்விடவில்லை. அத்தான் தபால்தலை அளவில் திரையில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். திரையில் தெரிவதை அப்படியே பிடித்து வைக்க விசைப்பலகையில் ஒரு விசை உண்டு. மேல்வரிசையில் வலதுபக்கம், பிரிண்ட் ஸ்கிரீன் என்று பெயர் போட்டிருக்கும். அதை அழுத்தினால் பிரிண்டரில் தாள் வரும் என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். எங்கள் பிரிண்டரில் ரிப்பன் இல்லாததால் யாரும் அழுத்திப் பார்த்ததில்லை. அன்று நானும் அழுத்தவில்லை. பதற்றத்தில், மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகும் என்று மூடினேன். திறந்தபோது ஒரே ஒரு படம் வந்தது. ஆய்வகக் கதவு.

சைக்கிளில் டவுனுக்குப் போனேன். வண்ணார்பேட்டை தாண்டிப் பாலத்தில் ஏறும்போது என்ன சொல்வது என்று யோசித்தேன். பாலத்திலிருந்து இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன்.

அச்சகத்தில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வந்துட்டாவளாலே?"

நான் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். "பேட்டரியைக் கழட்டாமலேயா பீரோவுக்குள்ள வச்சே?"

"கழட்டணுமா? எனக்கு யாரும் சொல்லலியே. ஏன்லே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல உள்ளே. எல்லாம் போயிருக்கு."

"நான் வச்சதுனாலயா?"

நான் பதில் சொல்லாமல் அச்சகக்காரரிடம் திரும்பினேன். இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு கேள்வியும் ஒரு மௌனமும். பொய் சொல்லவில்லை என்று இதை வைத்துப் பல வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

அச்சகக்காரர் நல்ல மனிதர். மாலைபோட்ட படத்தை வாங்கி, வெள்ளை மையால் மீசையையும் முடியையும் பூசிப் பார்த்தார். வாய்க்கு மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. "சார்வாள், இது வேற ஆளா ஆயிருது. பேசாம உள்ளபடியே போடுவோம். மொட்டை போட்டிருக்காருன்னு கீழே எழுத்துல சேத்துக்கிடுவோம்," என்றார். அப்படியே அடித்தார். அக்கா அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல மீசை," என்றாள்.

வியாழக்கிழமை விழாவுக்குப் போனேன். படங்கள் எடுத்தேன். நன்றாக வந்தன, இந்த முறை தேர்ந்தெடுத்து இறக்கவும் தெரிந்திருந்தது. மாலையில் பசை வாளியோடு மருமகனின் நண்பர்களுடன் சேர்ந்து டவுன் பஸ்களிலும் டீக்கடைகளிலும் நோட்டீஸ் ஒட்டினேன். சீவலப்பேரி வரை ஒட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை சீவலப்பேரிக்குத் திரும்பப் போனேன். அக்கா நானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள். ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. அதன் தூணில் எங்கள் நோட்டீஸ் இருந்தது. கடைக்காரரிடம் அக்கா கேட்டாள், இப்படி ஒருத்தரைப் பார்த்தீர்களா என்று.

"இல்லியே தாயி. நோட்டீசு ஒட்டுன நாள்லேருந்து மீசைக்காரர் யாரு வந்தாலும் உத்துப் பாக்கேன்."

"இப்ப மொட்டை அண்ணாச்சி. மீசை கெடையாது."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "மொட்டையா? வெள்ளை வேட்டி, சட்டை இல்லாம, ஒசரமா?"

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கனதான் ரெண்டு நாளா இருந்தாரு. இந்தத் தூணுக்குக் கீழேயே. எங்கேயோ வேண்டுதலுக்கு வந்த சாமின்னு நெனச்சு இட்லி குடுத்தோம். இந்த நோட்டீசைக்கூட நின்னு பாத்தாரு. 'மீசை நல்லாருக்கே, வாத்தியார் மாதிரி இருக்காரு. பாவம், வீட்ல தேடுவாங்கல்லா'ன்னாரு. நேத்து காலையிலதான் பைய எந்திரிச்சு நடந்தாரு. காலு வேற புண்ணா இருந்துச்சு."

"மொட்டைன்னு கீழே போட்டிருக்கே," என்றேன்.

"கீழ உள்ள பொடி எழுத்தை யாரு சார் வாசிக்கா? மூஞ்சியைத்தானே பாப்பாவ."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டை வரும்போது, "நான் மட்டும் அதைக் கழட்டி வச்சிருந்தா நேத்தே கெடைச்சிருப்பாவ," என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ஜன்னலிடம் சொன்னாள். நான் டிக்கெட்டை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன்.

காணாமல் போன ஒன்பதாம் நாள் வள்ளியூர்ச் சந்தையில் அவர் கிடைத்தார். அங்கே வெங்காய வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் அவரிடம் படித்தவர். சந்தைக் கூட்டத்தில் ஒரு கிழவர் யாரையோ, "ஏலே, தெக்கு எது வடக்கு எது, சொல்லு பாப்போம்," என்று அதட்டும் குரலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் முள் குத்திய புண் எலும்புவரை போயிருந்தது. நாலு நாள் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். அக்காதான் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, கட்டு மாற்றி எல்லாம் செய்தாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னாள். "எல்லாம் என் புத்தியில்லாத்தனம். அந்த டப்பாவை அப்படியே சேலைக்கு அடியில வச்சேன். தம்பி எவ்வளவு பாடுபட்டான் தெரியுமா?" அதைச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தால் என்னைக் காட்டிச் சொல்வாள்.

ஆபரேஷன் சமயத்தில் மருமகன் துபாயிலிருந்து வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேமராவைக் கேட்டு வாங்கினான். என்னை ஒரு படம் எடுத்தான். நாலு பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் சாயந்தரம் வந்து, என் எதிரிலேயே பேட்டரியைப் போட்டு, கண்ணாடியை என் பக்கம் திருப்பினான். நான் அதில் இருந்தேன்.

"பேட்டரி இல்லேன்னா படம் போகாது மாமா."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விழா, பொத்தான், அட்டவணை எல்லாம். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியாமப் பண்ணதுதானே," என்றான். பிறகு, "அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க. அவ தன்னாலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா," என்றான். சரி என்றேன். அன்று கம்ப்யூட்டரிடம் சொன்ன மாதிரியே, யோசிக்காமல்.

அதற்குப் பிறகு போன் பேசும்போதெல்லாம் கடைசியில், "சொல்லிட்டீங்களா மாமா?" என்று கேட்பான். அத்தான் தேறட்டும் என்றேன். அத்தான் போன பிறகு வருஷம் திரும்பட்டும் என்றேன். ஒருநாள் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கலாம். சொல்லமாட்டேன் என்று தெரிந்திருக்கலாம்.

ஒரே ஒருமுறை பக்கத்தில் போனேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்தக் கேமரா..." என்று ஆரம்பித்தேன். அவள் உடனே, "அதை ஏன்லே இப்ப எடுக்கே? நான்தான் தெனமும் நெனைக்கேனே," என்றாள். அவள் கண் நிறைந்தது. அதைக் காரணமாக வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். அவளை அழவிடக் கூடாது என்று நிறுத்தியதாக வெகுநாள் சொல்லிக்கொண்டேன். உண்மையில், "தம்பி எவ்வளவு பாடுபட்டான்" என்று அவள் சொல்வதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் அக்கா போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மருமகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, அம்மாகிட்ட கடைசியில சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றேன்.

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில. நீ வாரதுக்கு முந்தின நாள்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சா."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நல்ல காரியம் செய்தீர்கள் மாமா என்றான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அந்த நாள் நான் போகவே இல்லை. இதை அவனுக்குத்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் அடித்து முடித்ததும் முதல் பிரதியை அவனுக்கு அனுப்புவேன். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை அனுப்புமுன் திறந்து பார்ப்பேன், உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று.